அம்மா தட்டிய முந்நூற்று நான்கு வரிகள்

என் அம்மா பார்வதம் அதிகம் பேசமாட்டாள். பேசாமல் விட்டதையெல்லாம் அவள் விரல்கள் பேசும். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி கைபேசியில் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தால், அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். மடியில் இருக்கும் கைப்பையின் மேல் பத்து விரல்களும் வேகமாக ஏறி இறங்கும். தெரியாதவர்கள் தாளம் போடுகிறாள் என்று நினைப்பார்கள். அது தாளம் இல்லை, தட்டச்சு. அந்தப் பெண்மணிக்குச் சொல்லவேண்டியதை ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்து முடித்துவிட்டு விரல்களை மடக்கிக்கொள்வாள். சின்ன வயதில் நானும் அண்ணனும் "என்னம்மா அடிச்ச?" என்று துளைப்போம்.

"ஒண்ணும் இல்ல" என்பாள்.

அவள் பிறந்தது பருத்திப்பட்டு ஏரிக்கரையில். பெற்றவர்கள் இருவரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். அந்த நிலங்களில் இப்போது அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது யாராவது "எவ்ளோ பச்சையா இருந்த எடம்" என்று பெருமூச்சு விட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது. "அந்தச் சேத்துல ஒரு நாளு நின்னுருந்தா தெரியும்" என்பாள். பத்தாம் வகுப்பு முடித்ததும் கையில் சேறு படாத வேலை எது என்று விசாரித்து, ஆவடியில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்தாள். தமிழில் லோயர், ஹையர் தேர்வுகள் இரண்டிலும் தேறினாள். அங்கே விசைகளைப் பார்த்து அடித்தால் ஆசிரியை கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாராம். ஆறு மாதம் துண்டுக்கடியில் அடித்துப் பழகியவளுக்கு எழுத்துகள் கண்ணில் தங்கவில்லை. விரலில் தங்கின.

பிறகு ஆவடி ரயில் நிலையம் அருகே மோகன் என்பவர் நடத்திய டி.டி.பி. சென்டரில் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொல்லும் மனு என்று எல்லாவற்றையும் அடித்தாள். தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு மாறியது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. இடது கைக்கு ய, ள, ன, க என்று எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டே நாளில் மோகனைவிட வேகமாக அடித்தாள். ஆங்கிலப் பெயரோ முகவரியோ வந்தால் மோகன் கமா, செமிகோலன் உட்பட எழுத்தெழுத்தாகச் சொல்வார், அவள் விசையைப் பார்க்காமலே அடிப்பாள்.

அப்பா பால்ராஜ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணமானதும் அம்மா குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். தொண்ணூற்று எட்டில் அண்ணன் கார்த்திகேசன் பிறந்தான். அவனுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். தண்ணீர் லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவன் திரும்பவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து, அவனைத் தூக்கி ஓரமாக விட்டுவிட்டுப் போனார். அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குக் காது மிஷின் போட்டார்கள். சட்டைப்பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர். மிஷின் மாட்டினால் மட்டும் போதாது, நாள் முழுக்க அவனிடம் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்று பயிற்சி கொடுத்த டீச்சர் சொன்னார். அம்மாவைப் போன்ற ஒருத்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. டீச்சர் இன்னொன்றும் சொன்னார்: அவன் என்ன சொன்னான் என்று தினமும் தேதி போட்டு எழுதவேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுதவேண்டும்.

பிள்ளையைப் பார்க்க அம்மா வேலையை விட்டாள். மோகன் கடையில் இருந்த ஒரு பழைய கணினியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார். வீட்டிலிருந்தே பத்திரிகைகள் அடித்துக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. அதே கணினியில்தான் அம்மா டீச்சர் சொன்னதையும் தினமும் அடித்துவந்தாள். நோட்டு வாங்கி எழுதியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பேனா பிடித்து எழுதினால் எதுவும் உண்மையாக எழுதியது போல இருக்காது.

அண்ணன் பேசினான். பள்ளிக்குப் போனான். இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். வார்த்தைகள் கொஞ்சம் தடித்து வரும். எதிரே நிற்பவரின் உதட்டையும் பார்த்துக்கொள்வான். மற்றபடி எங்கள் வீட்டிலேயே அதிகம் பேசுகிறவன் அவன்தான். கணினி பரணுக்குப் போனது. அப்பா ஓய்வு பெற்று நாங்கள் கள்ளிக்குப்பத்துக்கு வந்தபோது அதுவும் ஒரு பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. எடைக்குப் போடச் சொல்லி அம்மா பல முறை சொல்லியிருக்கிறாள். "உள்ள மூளை இருக்குல்ல, கெடக்கட்டும்" என்று அப்பா விடவில்லை.

இவ்வளவையும் நான் சொல்லக் காரணம் சுவேதா. அண்ணன் மகள். அவளுக்கும் பிறவியிலேயே காது கேட்கவில்லை. இப்போது மருத்துவம் முன்னேறிவிட்டது. அரசு காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை செய்து, காதுக்குள்ளேயே கருவி வைத்துவிட்டார்கள். வெளியே தலையில் ஒரு சின்ன வட்டம் காந்தம் போல ஒட்டிக்கொள்ளும். கருவியை முதன்முதலில் இயக்கிவைக்கும் நாளை எல்லோரும் சுவிட்ச் ஆன் என்கிறார்கள். அன்றைக்குச் சுவேதா திடுக்கிட்டு அழுதாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சத்தம் கேட்டு அழுதது அதுதான் முதல் முறை.

அதன்பிறகு அண்ணி லாவண்யா நாட்களை எண்ண ஆரம்பித்தாள். வேப்பம்பட்டுப் பெண். எதையும் முறையாகச் செய்கிறவள். காலையில் படம் போட்ட அட்டைகள், மதியம் பயிற்சி மையம், மாலையில் மறுபடியும் அட்டைகள். "சுவேதா, இது பால். பால் குடிக்கலாமா?" என்று ஒரே வார்த்தையை நூறு விதமாகச் சொல்வாள். சுவேதா அவள் வாயை ஆர்வமாகப் பார்ப்பாள். பிறகு தலையிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி எறிவாள்.

ஒரு நாள் மதியம் அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்தபடி, அண்ணிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள்: "கவலப்படாத. உன் புருசன் மிஷின் போட்ட மூணாம் மாசமே அம்மான்னுட்டான். இவ அவன் பொண்ணுதானே."

அண்ணியின் கையிலிருந்த அட்டை அப்படியே நின்றது. மாலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் கேட்டாள்.

"ஜோதி, அத்தை சொல்றது நெஜமா? மூணு மாசமா?"

"எனக்கு எப்படி அண்ணி தெரியும்? நான் அப்ப பொறக்கவே இல்ல."

"அவருக்கு வெறும் ஒயர் வச்ச மிஷின். இவளுக்கு இவ்ளோ பெரிய ஆபரேஷன். நாலு மாசம் ஆயிடுச்சு." துணியை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அப்ப நான்தான் எதையோ தப்பா செய்றேன். அத்தை செஞ்சது எனக்கு வரல."

சுவேதா பேசுவாளா என்று அவள் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தன்னால்தான் பேசவில்லையோ என்று கேட்டவளுக்கு என்ன சொல்வது? அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் மெதுவாக விசாரித்தேன். அண்ணன் முதலில் என்ன வார்த்தை சொன்னான், எத்தனை நாளில் சொன்னான் என்று.

"அம்மான்னுதான். வேற இன்னா சொல்லுவான்? சீக்கிரமே சொல்ட்டான்" என்றாள்.

"தெனமும் என்னத்தையோ அடிச்சு வைப்பியே, பார்வதம். அதுல பாத்தா தெரியும்ல" என்றார் அப்பா. எல்லோரும் பரணைப் பார்த்தோம்.

அண்ணி அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: "அதை எடுக்க முடியுமா மாமா?"

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மாடியில் செல்வகுமார் கடை வைத்திருக்கிறார். பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விவரங்களை மீட்டுக் கொடுப்பதுதான் தொழில். முப்பது வயது இருக்கும். அப்பா கழற்றிக் கொடுத்த டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டர், இது என்னோட ஒண்ணாங் கிளாஸ் படிச்சிருக்கும் போலக்கீதே."

ஒயர் மாட்டி ஓடவிட்டு, டாக்டர் போல அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். உள்ளே 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். உடனே நிறுத்திவிட்டார்.

"ஓடும். ஆனா எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் ஓடவுட்டு, ஆறவுட்டு, அப்டியே மொத்தத்தையும் என் டிஸ்க்குல காப்பி எடுத்துக்கறேன். அப்பறம்தான் தேடுறது. எல்லாம் வேணும்னு சொல்லாதீங்க. இன்னா வேணும், ஒண்ணு சொல்லுங்க."

"எங்கம்மா அடிச்ச ஒரு ஃபைல். தமிழ்ல இருக்கும்" என்றேன். வழக்கமாக நான் அதோடு நிறுத்திக்கொள்கிறவள். அன்றைக்கு விவரமாகச் சொல்கிறேன் என்று கூடுதலாக இரண்டு வாக்கியம் சொன்னேன். "தமிழ் எழுத்து எங்க தெரிஞ்சாலும் எடுத்துடுங்க. இங்கிலீஷ் எழுத்துல இருக்கறது எதுவும் வேணாம்."

அதை அவர் ஒரு சீட்டில் அப்படியே எழுதி டிஸ்க்கின் மேல் ஒட்டிக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்து அழைத்தார். "டிஸ்க் போயிடுச்சு சிஸ்டர். நேத்து சாயங்காலம் ஒரு சத்தம் குடுத்துச்சு, அதோட சரி. முக்காவாசி காப்பி ஆயிடுச்சு. ஆனா சல்லடை போட்டு சலிச்சிட்டேன், தமிழ் ஒரு எழுத்து கூட இல்ல."

வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். ஃபைல்களின் பெயர்கள் அழிந்துவிட்டதால் கிடைத்தவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார். வேண்டாதவற்றை எல்லாம் 'குப்பை 1', 'குப்பை 2', 'குப்பை 3' என்று மூன்று ஃபோல்டர்களில் போட்டிருந்தார். ஒன்றைத் திறந்து காட்டினார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தேதி மட்டும் சரியாக இருந்தது. தேதிக்குப் பக்கத்தில்

,d;W xd;Wk; ,y;iy

என்று இருந்தது. அடுத்த வரியும் அதுதான். அதற்கடுத்ததும் அதுதான்.

"தேதி போட்டு ஒரே வரி திரும்பத் திரும்ப வருது பாருங்க. இது கம்ப்யூட்டரு தானா எழுதிக்கற குறிப்பு. இல்லன்னா கெட்டுப்போன சரக்கு" என்றார். "சனிக்கெழம இத அழிச்சிடுவேன். இன்னொரு கஸ்டமர் டிஸ்க்க எறக்கணும், எடம் இல்ல. ஓகேவா?"

நானும் பார்த்தேன். இரண்டு மொழியிலும் படித்தவள். எந்த மொழியிலும் அது எனக்கு எதையும் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

"கெடைக்கல அண்ணி" என்று சொன்னபோது அண்ணி சுவேதாவின் கருவிக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். "பரவால்ல ஜோதி. நீ அலைஞ்சதே பெருசு" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. எனக்கு அதுவே போதும், அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். செத்துப்போன டிஸ்க்கைத் திரும்ப வாங்கவேண்டுமாம். "ஓடலன்னாலும் நம்ம ஊட்டுப் பொருளு. அங்க இன்னாத்துக்கு?" ஒரு டப்பாவில் கேழ்வரகு அடை வேறு. ஐந்து நாள் நமக்காக மெனக்கெட்டவருக்கு வெறுங்கையோடு நன்றி சொல்லக்கூடாது என்றாள். அடை சூடாக இருக்கும்போதே போகவேண்டும் என்ற அவசரத்தில் படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டாள். நல்லவேளை மறந்தாள் என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

செல்வகுமார் அவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். டப்பாவைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"வேலையே முடியலமா, அடை எல்லாம் எதுக்கு?"

"முடிஞ்சாதான் துன்னணுமா? துன்னு, நைனா." அம்மா திரையின் பக்கம் தலையைச் சாய்த்தாள். "எல்லாம் பூசுனாப்ல தெரியுது. அதுல இன்னாதான் எழுதிக்கீது?"

"ஒண்ணும் இல்லமா. குப்பை. அழிக்கப்போறேன்."

"இருக்கட்டும், ஒரு வாட்டி படி. அஞ்சு நாளு உசுரக் குடுத்து எடுத்துக்கீற. இன்னான்னுதான் கேட்டுக்கறேனே."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எல்.கே.ஜி. பிள்ளை போல இழுத்துப் படித்தார்: "பதினாலு, எட்டு, ரெண்டாயிரம். அப்பறம் ஒரு கமா. டீ. செமிகோலன். பெரிய டபிள்யூ. கொஞ்சம் எடம். எக்ஸ். டீ. செமிகோலன். பெரிய டபிள்யூ. கே. செமிகோலன். மறுபடி எடம். கமா. ஒய். செமிகோலன். ஐ. ஒய். போதுமா?"

அம்மாவின் விரல்கள் அடை டப்பாவின் மூடிமேல் இருந்தன. அவர் 'கமா' என்றபோதே ஒரு விரல் அசைந்ததை நான் பார்த்தேன். அது அவள் பழக்கம்தானே என்று பெரிதாக நினைக்கவில்லை. அவர் நிறுத்தியபிறகு விரல்களும் நின்றன. அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தபா படி. மெதுவா."

இந்த முறை டப்பாவை நகர்த்திவிட்டு மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச்சொல்ல ஒவ்வொரு விரலாக இறங்கியது. கடைசி 'ஒய்' வந்ததும் அம்மா, அடித்த தாளைச் சரிபார்த்துப் படிக்கும் குரலில், எழுத்துத் தமிழில் சொன்னாள்:

"இன்று ஒன்றும் இல்லை."

"ஒண்ணும் இல்லன்னுதான்மா நானும் சொல்றேன்" என்றார் செல்வகுமார்.

"அது இல்ல, நைனா. அதுல அப்டிதான் எழுதிக்கீது."

எனக்குப் புரிய இன்னும் சில நிமிடங்கள் ஆயின. அந்தக் காலத்துக் கணினிக்குத் தமிழ் தெரியாது. அம்மா அடித்ததை அது ஆங்கில எழுத்துகளாகவே வைத்துக்கொள்ளும். அந்த எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டுவது எழுத்துரு மட்டும்தான். எழுத்துரு இல்லாத இடத்தில் அம்மாவின் தமிழ் வெறும் அரைப்புள்ளியும் கமாவுமாக நின்றுவிடும். நானும் செல்வகுமாரும் தமிழ் தெரிந்த கணினிகளோடு வளர்ந்தவர்கள். ஆங்கில எழுத்துக்குள் தமிழ் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் கண்ணால் பார்த்திருந்தால் தோன்றியிருக்காது. அவள் வாழ்நாளில் அந்த ஆங்கில எழுத்துகளை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. காதால் கேட்டதால் விரல் கண்டுபிடித்தது.

"அடுத்த வரி?" என்றாள்.

"அதேதான்மா."

"அடுத்தது?"

"அதே." அவர் கீழே கீழே நகர்த்திக்கொண்டே போனார். "எல்லா வரியும் அதேதான்மா. அதனாலதான் குப்பைன்னு நெனச்சேன்."

"ஆமா, நைனா" என்றாள் அம்மா. "எல்லா நாளும் அதேதான்."

செல்வகுமார் நகர்த்துவதை நிறுத்தினார். பிறகு அம்மா சொன்ன பாமினி எழுத்துருவைத் தேடி இறக்கினார். அந்தப் பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரு தட்டுத் தட்டினார். கண் எதிரே அத்தனை குப்பையும் தமிழாகிவிட்டது.

14.8.2000 இன்று ஒன்றும் இல்லை.
15.8.2000 இன்று ஒன்றும் இல்லை.
16.8.2000 இன்று ஒன்றும் இல்லை.

செப்டம்பர் அப்படியே போனது. தீபாவளிக்கும் அதே வரி. நவம்பரில் இருபத்தேழு நாட்கள் மட்டும் மீளவில்லை. அவற்றில் என்ன எழுதியிருக்கும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போதாவது ஒரு வரிக்கு வால் முளைத்திருந்தது. 'இன்று ஒன்றும் இல்லை. ஒயரைக் கடித்துவிட்டான்.' 'இன்று ஒன்றும் இல்லை. மழை. எனக்கும் பேசத் தோன்றவில்லை.' 'இன்று ஒன்றும் இல்லை. மாமியார் வீட்டிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். பேசுவான் என்று சொன்னேன்.' பொங்கல் போனது. சித்திரை போனது. நான் படிக்கப் படிக்க அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண்ணின் கதையைக் கேட்பதுபோல முகம் இருந்தது.

"இவ்ளோ நாளாவா?" என்று ஒரு முறை கேட்டாள். "மூணு மாசம்னு இல்ல நான் சொல்லிகினு கீறேன்."

ஜூலை வந்தது. பதினொன்றாம் தேதியில் வரி மாறியிருந்தது. படித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. செல்வகுமார் எட்டிப் பார்த்து, மீதியை அவரே படித்தார்.

"பதினொண்ணு, ஏழு, ரெண்டாயிரத்து ஒண்ணு. இன்று 'போ' என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்து நின்றேன். மறுபடியும் 'போ' என்றான். ஏழு முறை போய் வந்தேன். ஏழு முறையும் சொன்னான்."

"அம்மா இல்லியா?" என்றாள் அம்மா.

"போ தான்மா எழுதிக்கீது. வேணும்னா எழுத்து எழுத்தா சொல்லட்டா? பெரிய என், ஜி, எச்."

மேசையில் மூன்று விரல்கள் இறங்கின. "போ" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாரேன், நான் பெத்தது மொத மொதல்ல என்னையே வெரட்டிக்கீது" என்றாள். செல்வகுமார் தூரிகையை எடுத்து, தூசியே இல்லாத கீபோர்டை வெகுநேரம் துடைத்தார்.

'அம்மா' வந்தது ஆகஸ்ட் இருபதாம் தேதி. அதற்குள் 'போ', 'தா', 'காக்கா' மூன்றும் வந்துவிட்டன. நான்காவதுதான் அவள்.

எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். தமிழில் அச்சடித்தும் கொடுத்தார். கிளம்பும்போது கேட்டார்: "ஃபோல்டர் பேரு இன்னும் 'குப்பை 3'ன்னு கீதும்மா. மாத்திடவா?"

"வேணாம், உடு. நீ அழிக்காம வச்சிருந்தியே, அந்தப் பேரே இருக்கட்டும்" என்றாள் அம்மா. படியிறங்கியவள் மறுபடியும் ஏறிப்போய், "அடைய ஆறவுட்டுடாத" என்று சொல்லிவிட்டு வந்தாள். நன்றி என்ற சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அடை ஆறக்கூடாது என்பதுதான் அது.

வீட்டில் அண்ணி தாள்களை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாவதில் வேகம் குறைந்தது. பிறகு ஒரு பென்சில் எடுத்துக்கொண்டு, வரி வரியாக எண்ண ஆரம்பித்தாள். சுவேதா அவள் முதுகில் ஏறி விளையாடினாள். அண்ணன்கூடப் பேசவில்லை.

"முந்நூத்தி நாலு" என்றாள் அண்ணி. "காணாமப் போன இருபத்தேழையும் சேத்தா முந்நூத்தி முப்பத்தொண்ணு."

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "நான் வேணும்னு சொல்லலமா. மெய்யாலுமே மறந்துட்டேன். அவன் பேச ஆரம்பிச்சதும் அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் எங்க போச்சோ. உன்னப் போயி மூணு மாசம், மூணு மாசம்னு..." விரல்கள் முழங்காலின் மேல் அடித்துக்கொண்டிருந்தன.

"பரவால்ல அத்தை." அண்ணி தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இவளுக்கு இன்னிக்கு நூத்தி இருபத்தேழாவது நாள். நான் எவ்ளோ லேட்டுன்னு நெனச்சிட்டு இருந்தேன். பாதி கூட வரல." பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "மாமியார் வீட்லேர்ந்து வந்தவங்க கேட்டாங்கன்னு எழுதிருக்கீங்களே. உங்களயும் கேட்டாங்களா?"

"கேக்காம உடுவாங்களா?"

அண்ணன் ஜூலைப் பக்கத்தை உருவி எடுத்து இரண்டு முறை படித்தான். "ஏழு தடவை போய் வந்தியா? ஒரு தடவைல புரிஞ்சுக்க மாட்டியா நீ?" என்றான்.

"போடா" என்றாள் அம்மா.

மறுநாள் மாலையில் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அண்ணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தேதி போட்டு, பக்கத்தில் 'இன்று ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தாள். அதன் கீழே இன்னொரு வரி: 'காந்தத்தைச் சாம்பாரில் போட்டுவிட்டாள். துடைத்து மாட்டியாகிவிட்டது.' அதற்கடுத்த நாளும் வந்தது. தினமும் வருகிறது. நாங்கள் யாரும் பதிலுக்கு ஆறுதல் சொல்வதில்லை. அண்ணிக்கு இப்போது அது தேவைப்படுவதும் இல்லை.

செய்தி வந்ததும் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கைபேசியை எட்டப் பிடித்துப் படிப்பாள். படித்து முடித்ததும் அதைக் கீழே வைத்துவிடுவாள். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மடியில் ஒரு முறை அழுந்தி எழும். வரி முடிந்தது, அடுத்த வரிக்குப் போ என்று சொல்லும் விசை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.